வாளையார்ப் பக்கம் புதிதாகக் குடிவந்த பெண்களுக்கு இலவச யோகா வகுப்பு: நடத்தும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையைச் சுற்றி ஒடிசா, பீகார், வங்காளத்துக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும் உண்டு. இவர்களுக்கு வகுப்பு தொடங்குகிறவர்கள் எந்த ஆசனம் சொல்லித் தருவது என்பதிலேயே மூளையைச் செலவிடுகிறார்கள். வகுப்பு படுத்துவிடுவதோ நேரத்தாலும் குழந்தைகளாலும்.

ஷிப்ட் மாறும் வாரத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். அப்படி விட்டுப்போனவர்கள் கூச்சத்தில் திரும்புவதில்லை. அதனால் ஒரே பாடத்தைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நடத்துங்கள். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு மூலையில் ஒரு ஜமுக்காளம் விரித்து, முறைவைத்து ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடத்துக்கு வார்டிலுள்ள குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (கேரள அரசுத் திட்டத்தின் பெண்கள் குழு) கேளுங்கள். அங்கன்வாடி முடிந்த நேரம், வாசகசாலை, பள்ளிக்கூட ஹால் எதுவும் போதும். ஒருவருக்கு ஏழடிக்கு நாலடி தேவை; இருபதடிச் சதுர ஹாலில் 12 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். தெருப் பக்க ஜன்னலுக்குத் திரை கட்டாயம். ஆசிரியை பெண்ணாக இருக்கட்டும். அருகிலுள்ள ஆயுஷ் (ஆயுர்வேதம், யோகா போன்ற முறைகளுக்கான அரசு) சுகாதார மையத்தில் விசாரிக்கலாம்.

பதிவேட்டில் பெயர், போன் நம்பர், அவசரத்துக்கு ஒரு நம்பர் போதும். ஆதார் கேட்டால் மறுநாள் ஆள் இருக்காது. கர்ப்பம், பிபி, சர்க்கரை மாத்திரை, ஆபரேஷன், மூட்டுவலி ஆகியவற்றை ஒவ்வொருவரிடமும் தனியே கேளுங்கள். கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் யாரும் தூக்கமாட்டார்கள்.

கோரைப்பாய் வழவழப்பான சிமெண்ட் தரையில் வழுக்கும். நின்று செய்பவற்றை வெறுங்காலோடு தரையில் செய்துவிட்டு, உட்காரவும் படுக்கவும் மட்டும் பாய்க்கு வரட்டும். ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்துக்குச் சுவர் ஓரம்.

45 நிமிடம் போதும். அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க 5, கழுத்து, தோள், கணுக்கால் தளர்த்த 10, நின்று செய்பவை 10, உட்கார்ந்தும் படுத்தும் 15, கடைசி 5 அசையாமல் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனம். பேக்கிங் லைனில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கால் வீங்கும். படுத்து இரண்டு காலையும் சுவரில் சாய்த்து உயர்த்துவது அவர்களுக்கு மற்ற எதையும்விட சுகம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் மூன்று மணிநேர இடைவெளி வேண்டும். ஆனால் சர்க்கரை மாத்திரை போடுபவர் வெறும் வயிற்றில் வந்து மயங்கலாம், சர்க்கரைப் பொட்டலம் கைவசம் இருக்கட்டும்.

கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டே சேர வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்கவிடாதீர்கள்: கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும். சவாசனத்திலும் இடப்பக்கம் சாய்ந்து படுக்கட்டும். குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனமும் வயிற்றை முறுக்குபவையும் வேண்டாம். பிபி உள்ளவர்களுக்குத் தலைகீழாக நிற்பதும் மூச்சை அடக்குவதும் கூடாது.

பேச்சைக் குறைத்துச் செய்து காட்டுங்கள். ‘மூச்சை இழு, விடு’ என்பதோடு இந்தியில் ‘ஸான்ஸ் லோ, ஸான்ஸ் சோடோ’ தெரிந்தால் பாதி வகுப்பு ஓடிவிடும். மந்திரத்தோடு தொடங்கினால் சில முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் தயங்கலாம். அமைதியாகத் தொடங்குவதே நல்லது. படம் எடுத்து எங்கும் போடாதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

அடுத்த வார நேரத்தை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதைவிட, தமிழிலும் இந்தியிலும் குரல் பதிவாக ஞாயிறு இரவே அனுப்பிவிடுங்கள். பலருக்கு இங்குள்ள மலையாள எழுத்து வாசிக்க வராது.