படத்தின் நீதியைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

படம் முடிந்து வெளியே வரும்போது "நல்ல மெசேஜ்" என்பார் ஒருவர். "இந்த மாதிரிப் படத்தாலதான் பசங்க கெட்டுப்போறாங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் வசனத்தையும் கிளைமாக்ஸையும் மட்டுமே பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள். ஒரு படம் நமக்குள் விட்டுச்செல்லும் நீதி பெரும்பாலும் வேறு இடங்களில் இருக்கிறது: யார் முகத்தில் கேமரா நின்றது, எந்த அடிக்கு இசை தாளம் போட்டது, யாரைப் பார்த்துச் சிரிக்க வைத்தார்கள். இதையெல்லாம் காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். நிறுத்தி ஓட்டக்கூடிய திரை, ஒரு நோட்டு, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும்.

முதல் தடவை பார்க்கும்போது பேனாவைத் தொடாதீர்கள். குறிப்பெடுக்கிறவர் படத்துக்கு வெளியே உட்கார்ந்துவிடுகிறார். படம் நம்மை எங்கே இழுத்தது என்பதுதான் நமக்குத் தேவையான தகவல். முடிந்த கையோடு, யாரோடும் பேசுவதற்கு முன், மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எங்கே கைதட்டத் தோன்றியது, எங்கே சிரித்தீர்கள், யார் அடிவாங்க வேண்டும் என்று மனம் ஆசைப்பட்டது. ஒரு நாள் தள்ளிப்போட்டால் நினைவு தன்னை நல்லவனாகத் திருத்திக்கொள்ளும். "அந்த ஜோக்குக்கு நான் சிரிக்கவே இல்லையே" என்போம்.

இரண்டாம் தடவை முழுப் படத்தையும் அலச முயன்றால் நொந்துபோவீர்கள். ஷாட்டுக்கு 5 நொடி என்று வைத்தாலே இரண்டரை மணி நேரப் படத்தில் 1,800 ஷாட் வரும். மூன்று காட்சிகள் போதும், ஒவ்வொன்றும் 3 முதல் 5 நிமிடம். ஒன்று, நாயகன் தப்புச் செய்யும் காட்சி. இரண்டு, கிட்டத்தட்ட அதே தப்பை வில்லன் செய்யும் காட்சி. மூன்று, நீங்கள் வாய்விட்டுச் சிரித்த காட்சி. நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: செயல், முகம், ஒலி, விலை.

ஒரு காட்சியின் சிறு துண்டை எடுத்துக்கொள்வோம். நாற்பது நொடி. நாயகன் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைகிறான். முதல் கட்டத்தில் "அறைந்தான்" என்று மட்டும் எழுதுங்கள். "கோபத்தில்", "அக்கறையில்" என்று எதுவும் சேர்க்காதீர்கள், அது படம் நம் கையில் திணித்த காரணம். இரண்டாம் கட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச். அவன் முகம் 14 நொடி, அவள் முகம் 3 நொடி, பக்கத்தில் நிற்கும் நண்பன் வாயைப் பொத்திச் சிரிப்பது 2 நொடி என்று வருகிறதென்று வையுங்கள். மூன்றாம் கட்டத்தில், அறை விழுந்த நொடியில் என்ன கேட்டது? வெறும் அறைச் சத்தமும் அமைதியும் என்றால் ஒரு கதை. டமாலென்று ஒரு டிரம் அடியும் அதைத் தொடர்ந்து அவனுக்கான தீம் இசையும் என்றால் வேறு கதை. நான்காம் கட்டம்தான் முக்கியம்: அறைக்குப் பிறகு யார் என்ன இழந்தார்கள்? அடுத்த காட்சியில் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தால், விலை பூஜ்யம். "பெண்களை மதிக்க வேண்டும்" என்று கிளைமாக்ஸில் அவன் இரண்டு நிமிடம் பேசினாலும் இந்தப் பக்கத்தில் எழுதியது அழியாது.

இப்போது அதே காட்சியைச் சத்தமே இல்லாமல் ஓட்டுங்கள். முன்பு விறுவிறுப்பாக இருந்தது இப்போது பார்க்கவே கூச்சமாக இருந்தால், உங்கள் சம்மதத்தை வாங்கியது இசைதான். பிறகு வில்லன் காட்சியின் கட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செயல் ஒன்றாகவும் மற்ற மூன்று கட்டங்கள் வேறாகவும் இருந்தால், படம் செயலை எடைபோடவில்லை, ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது.

சிரிப்புக் காட்சிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். வசனத்தோடு நாம் சண்டை போடுவோம். ஜோக்கோடு யாரும் வாதாடுவதில்லை. யாருடைய உடம்பு, நிறம், பேச்சு, தொழில் சிரிப்புக்கு ஆளாகிறது என்று எழுதுங்கள். கேலிக்கு ஆளானவர் திருப்பி ஒரு வார்த்தையாவது சொல்கிறாரா என்பதையும் சேருங்கள்.

இனிக் கிளைமாக்ஸ். கெட்டவன் கடைசியில் தண்டனை பெற்றுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கை பழையது. ஹாலிவுட்டில் 1930இல் எழுதி 1934 முதல் கண்டிப்பாக அமலான தணிக்கை விதிகள், பார்வையாளரின் அனுதாபம் குற்றத்தின் பக்கம் போகக் கூடாது என்றன. குற்றவாளி ஜெயிக்கும் முடிவுகள் அதனால் கிட்டத்தட்ட மறைந்தன. 1968இல் வயதுவாரி தரச்சான்று அந்த விதிகளின் இடத்தைப் பிடித்தது. ஆனால் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1965இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒருவர் பெரிய பொம்மையை அடித்து உதைக்கும் குறும்படம் 66 சிறு குழந்தைகளுக்குக் காட்டப்பட்டது. ஒரு குழு பார்த்த படத்தில் அடித்தவருக்குப் பரிசு, இன்னொன்றில் திட்டும் அடியும், மூன்றாவதில் எதுவும் இல்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைச் செய்து காட்டினார்கள். பிறகு "அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும் மூன்று குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் போய்விட்டது. தண்டனை கையைத்தான் கட்டிப்போட்டது. பார்த்தது மனத்தில் பதிந்துதான் இருந்தது. (பொம்மை அடிவாங்குவதற்கென்றே செய்யப்பட்டது, சோதனையோ சில நிமிட சமாச்சாரம். இதை வைத்து "படம் பார்த்தால் கொலைகாரன் ஆவான்" என்று தாண்டிக் குதிக்க முடியாது.)

ஆதாரம் எங்கே உறுதி, எங்கே மெலிவு என்று பிரித்துப் பேசுங்கள். திரையில் புகைபிடிப்பதைப் பார்ப்பது இளையோர் புகைக்கத் தொடங்குவதற்கு ஒரு காரணம் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012 அறிக்கை முடிவு சொன்னது. தற்கொலையைக் காட்டும் விதம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரை, மேடைக் கலைஞர்களுக்கென்றே கையேடு வெளியிட்டது. செய்யும் முறையை விவரமாகக் காட்டாமல் இருப்பது அதன் அடிப்படை அறிவுரைகளில் ஒன்று. ஆனால் ஒரு குறிப்பிட்ட குற்றத்துக்கு ஒரு குறிப்பிட்ட படத்தைக் காரணம் காட்டுவதற்கு இவ்வளவு வலுவான ஆதாரம் கிடையாது. அங்கே குரலைத் தாழ்த்துவது நல்லது.

இந்தக் கணக்கில் வழக்கமாக வரும் தப்பு, காட்டியதையெல்லாம் ஆதரித்ததாக எடுத்துக்கொள்வது. கொடுமையைக் காட்டும் படம் கொடுமையைப் பரிந்துரைக்கவில்லை. அடிபட்டவர் முகத்தில் 20 நொடி நின்று, பின்னணி இசையையும் எடுத்துவிட்ட காட்சி பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் வேலை செய்கிறது. இன்னொரு தப்பு நம்மிடமே உண்டு. "எனக்கு ஒண்ணும் ஆகாது, மத்தவங்கதான் கெட்டுப்போவாங்க" என்று ஏறக்குறைய எல்லோரும் நினைக்கிறோம், சமூகவியலாளர் டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் 1983இல் இதை 'மூன்றாம் நபர் விளைவு' என்று பெயரிட்டு எழுதினார். முதலில் எழுதிவைத்த மூன்று குறிப்புகள் இதற்குத்தான். அடுத்தவரைப் பற்றிப் பேசும் முன் உங்கள் கைதட்டலை எடுத்துப் பாருங்கள்.

பிள்ளைகளோடு பார்க்கும்போது நோட்டை ஒளித்துவிடுங்கள். பயந்து அழுதால் ஒழிய நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தி உபதேசம் செய்தால் அடுத்த படத்தை உங்களுக்குத் தெரியாமல் பார்ப்பார்கள். முடிந்த பிறகு, வேறு வேலை செய்துகொண்டே, ஒரே ஒரு கேள்வி: "அவன் அடிச்சானே, அந்தப் பொண்ணு அப்புறம் வீட்டுக்குப் போய் என்ன பண்ணியிருப்பா?" "அது தப்புதானே?" என்று கேட்டால் நமக்குப் பிடித்த பதில் வரும், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஏழு எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு முதல் பாதியில் நடந்த செயலையும் கடைசியில் வந்த தண்டனையையும் கோத்துப் பார்ப்பது கடினம். அவர்களுக்கு நீங்கள்தான் கதையை மறுபடி சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இப்போது பலர் முழுப் படத்தைப் பார்ப்பதில்லை. போனில் வெட்டி வந்த 30 நொடித் துண்டைத்தான் பத்துத் தடவை பார்க்கிறார்கள். அதனால் அந்தத் துண்டுக்கு நோட்டில் தனிப் பக்கம் போட்டு அதே நான்கு கட்டங்களை நிரப்புங்கள். செயலும் முகமும் இசையும் அப்படியே இருக்கும். விலைக் கட்டத்தில் எழுத எதுவும் கிடைக்காது; அது வந்த காட்சியைத்தான் வெட்டிவிட்டார்களே.