காது கேளாத பிள்ளையை ஓட்டத்துக்குத் தயார் செய்வது எப்படி

நான் திருமங்கலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. காது கேளாத பிள்ளை ஒன்று உங்கள் பள்ளிக்கு வந்து, அது நன்றாக ஓடவும் செய்தால், முதல் வாரம் அதற்குப் பயிற்சி எதுவும் வேண்டாம். கூட ஓடும் பிள்ளைகளுக்குச் சைகை பழக்குங்கள். வா, நில், உன் முறை, இன்னொரு ரவுண்டு, வலிக்குதா, தண்ணி குடி: ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். அந்தப் பிள்ளை வீட்டில் எப்படிக் கை காட்டுமோ அதையே எல்லோரும் கற்றுக்கொள்ளட்டும். அதனிடமே கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித்தரும்.

அமெரிக்காவில் லூதர் டெய்லர் என்று ஒரு பேஸ்பால் வீரர் இருந்தார். கான்சாஸ் மாநிலத்தில் காது கேளாதோர் பள்ளியில் படித்தவர். 1900-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்குப் பந்து வீச வந்தார். பத்திரிகைகள் அவரை ஊமை என்ற பட்டப்பெயரோடுதான் எழுதின. ஆனால் அணியின் மேனேஜர் ஜான் மெக்ரா விரலால் எழுத்துக் காட்டக் கற்றுக்கொண்டார், கூட ஆடியவர்களும் கற்றுக்கொண்டார்கள். 1904-ல் டெய்லர் 21 ஆட்டங்களை வென்று கொடுத்தார், லீக் பட்டமும் அந்த அணிக்கே வந்தது. ஆடி முடித்த பிறகு காது கேளாதோர் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனாலும் சுற்றி இருப்பவர்கள் கையால் பேசத் தெரியாதவர்களாக இருந்திருந்தால் அந்தத் திறமை எவ்வளவு தூரம் போயிருக்கும்? நம் பிள்ளைக்கும் இதே கதைதான். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை முதல் நாளே நிறுத்துங்கள்.

அடுத்தது ஸ்டார்ட். நம் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். குனிந்து விரலை ஊன்றி நிற்கும்போது பக்கத்தில் கவனித்துப் பாருங்கள். ஓட்டம் தொடங்க அடிக்கும் கிளாப்பர் கட்டையின் சத்தம் கேட்காததால் பிள்ளையின் கண் ஓரமாகப் பக்கத்து லேனில் இருக்கும். அங்கே கால் அசைந்த பிறகுதான் இது எழும். 100 மீட்டரில் அந்த ஓர் அடியைப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். கழுத்தும் திரும்பியே இருப்பதால் முதல் நாலைந்து எட்டு கோணலாகப் போகும்.

இதற்குக் கொடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிரயோஜனம் இல்லை, குனிந்த பிள்ளைக்குத் தெரியாது. லேனுக்கு வெளியே இரண்டு மூன்று மீட்டர் முன்னால் ஒருவர் தரையோடு உட்கார்ந்து சிவப்புத் துணியை மண்ணில் வைத்திருக்கட்டும். துணி கிடந்தால் 'ஆன் யுவர் மார்க்', முழங்கால் உயரத்துக்கு வந்தால் 'செட்', வெடுக்கென்று இழுத்தால் ஓட்டம். துணி பிடிப்பவர், ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டரின் கையைப் பார்த்தே இழுக்க வேண்டும். சத்தத்துக்காகக் காத்திருந்தால் தாமதமாகிவிடும். காது கேளாதோருக்கான சர்வதேச டெஃப்லிம்பிக்ஸ் போட்டியில் இதற்கு விளக்கே இருக்கிறது: சிவப்பு, மஞ்சள், பச்சை. யாராவது ஃபால்ஸ் ஸ்டார்ட் செய்தால், அதாவது முன்கூட்டியே ஓடிவிட்டால், திரும்பக் கூப்பிடும் சத்தம் கேட்காமல் நம் பிள்ளை மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அதை நிறுத்த 30 மீட்டரில் இன்னொருவர் துணியோடு நிற்கட்டும்.

டெஃப்லிம்பிக்ஸ் நேற்று வந்ததில்லை. காது கேளாத பிரெஞ்சுக்காரர், சைக்கிள் வீரர் யூஜீன் ரூபன்ஸ்-அல்கே முன்னின்று நடத்தி, 1924 ஆகஸ்டில் பாரிஸில் தொடங்கியது. 9 நாடுகளிலிருந்து 148 பேர் வந்தார்கள். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தனக்கு முன்னால் ஒரு வரிசையே ஓடியிருக்கிறது என்று தெரிந்தால் நிமிர்ந்து நிற்பார்கள். பெற்றோர் தயங்கினால் நம் மதுரை ஜெர்லின் அனிகாவைச் சொல்லுங்கள். மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளை, 2022-ல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் பேட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கியது.

தினசரிப் பயிற்சியில் சின்னச் சின்ன விஷயங்கள். காலை வெயில் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி நின்று பேசுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பிள்ளைக்கு உங்கள் முகம் கருப்பாகத்தான் தெரியும், வாயசைவு தெரியாது. ஓடும்போது கத்தித் திருத்த முடியாது. அதனால் 60 மீட்டர் பக்கம் நின்று ஒரே ஒரு சைகை, 'கையை வீசு' என்றால் அது மட்டும். மற்றதை முடிந்த பிறகு செல்போன் வீடியோவில் காட்டுங்கள். காதொலிக் கருவியைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வைத்த பிறகு ஓடட்டும். வியர்வை அதற்கு எமன். டெஃப்லிம்பிக்ஸிலும் கருவியோடு போட்டியிட விடமாட்டார்கள்.

உடல் சமநிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது உள்காதின் வேலை, அதனால் சில பிள்ளைகளுக்கு, முக்கியமாக மூளைக்காய்ச்சலில் காது போனவர்களுக்கு, வளைவில் தள்ளாடும். சுண்ணாம்புக் கோட்டின் மேல் நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது என்று தினமும் பத்து நிமிடம் கொடுங்கள். இவர்கள் கண்ணை நம்பித்தான் நிற்கிறார்கள், இருட்டத் தொடங்கினால் பயிற்சியை முடித்துவிடுங்கள். பயிற்சி முடிந்து கிணற்றில் குதிக்கப் போனால் கூடவே ஆள் போகட்டும். தண்ணீருக்குள் மேலே எது கீழே எது என்று குழம்பிப்போக வாய்ப்புண்டு.

காகித வேலையையும் தள்ளிப்போடாதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை அறிக்கையும் கையில் இருக்கட்டும். டெஃப்லிம்பிக்ஸுக்கு இரண்டில் கொஞ்சம் நன்றாகக் கேட்கும் காதிலேயே குறைந்தது 55 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும்.

பொதுப் பிள்ளைகளோடு குறுவட்டப் போட்டியில் ஓடும்போது காலையிலேயே ஸ்டார்ட்டரிடம் போய்த் துணியைக் காட்டிப் பேசிவிடுங்கள். ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று ஓட்டங்கள், தொடங்கிய பிறகு போனால் 'இதெல்லாம் ரூல்ல இல்ல டீச்சர்' என்று சொல்லிவிடுவார்கள், எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் தூர ஓட்டப் பயிற்சிக்கு நான்குவழிச் சாலைப் பக்கமே போக வேண்டாம். பின்னால் வரும் ஹாரன் கேட்காது. கம்மாய்க்கரையில் ஓடவிடுங்கள், முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை.