காருக்கு எந்த இன்ஜின் ஆயில்? டின்னில் உள்ள எழுத்துகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் முறை

உதிரிபாகக் கடையில் 5டபிள்யூ-30 கேட்டு நின்ற எனக்குக் கடைக்காரர் 20டபிள்யூ-50 டின்னை எடுத்து வைத்து, "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் தாங்கும்" என்றார். கார் வாங்கிய புதிதில் இந்த அறிவுரையைக் கேட்காதவர்கள் குறைவு. பழைய தலைமுறை இன்ஜின்களுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்றைய கார்களுக்குச் சரியல்ல.

படி 1: கையேட்டைத் திறங்கள்

காரோடு கொடுத்த கையேடு பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குள் உறை பிரிக்காமலேயே கிடக்கும். அதில் இன்ஜின் ஆயில் பற்றிய பக்கத்தைத் தேடி, ஆயிலின் கிரேடு (5டபிள்யூ-30 போன்ற கெட்டித்தன்மைக் குறி), அது நிறைவுசெய்ய வேண்டிய தரக் குறியீடு, ஃபில்டரையும் சேர்த்து மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல் என்று வெவ்வேறு இன்ஜின்கள் இருந்தால் ஆயிலும் மாறலாம். உங்கள் இன்ஜினுக்கு உரிய வரியைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: கிரேடைப் படியுங்கள்

5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருக்க இருக்க, குளிர்ந்த நிலையில் ஆயில் எளிதாக ஓடும். பின்னுள்ள எண், ஆயில் 100 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது.

சென்னையில் பனியா பெய்கிறது, முதல் எண்ணைப் பற்றி நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் விடியற்காலையில் 28 டிகிரியில் நிற்கும் காரின் ஆயில்கூட, ஓடிச் சூடான நிலையில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டியாகவே இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது கீழேயுள்ள தொட்டியிலிருந்து மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஏறியாக வேண்டும். 20டபிள்யூ வகை ஆயில் அதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது எண்ணை வெளி வெயிலோடு முடிச்சுப் போடுவதுதான் கடைக்காரர் செய்த தவறு. இன்ஜின் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வேலை செய்யும் காரில், குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பம், வேலூர் மே மாதமானாலும் ஊட்டி டிசம்பரானாலும், ஏறக்குறைய 90 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆகவே ஓடிச் சூடான ஆயிலின் வெப்பமும் வெளி வெயிலைப் பொறுத்துப் பெரிதாக மாறாது. பேரிங்குகளுக்கும் ஷாஃப்டுக்கும் இடையே விட்டிருக்கும் நுண்ணிய இடைவெளியும், ஆயில் அழுத்தத்தால் வால்வுகளின் நேரத்தை மாற்றும் அமைப்பும் குறிப்பிட்ட கிரேடைக் கணக்கில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை. கெட்டி ஆயிலை ஊற்றினால் மைலேஜும் குறையும். கையேடே இரண்டு, மூன்று கிரேடுகளை அனுமதித்திருந்தால், ஆயில் குடிக்கத் தொடங்கிய பழைய காருக்கு அவற்றுள் சற்றுக் கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

படி 3: தரக் குறியீட்டைச் சரிபாருங்கள்

கிரேடு சரியாக இருந்தால் போதும் என்று இந்தப் படியைத் தாண்டிவிடுபவர்களே அதிகம். டின்னின் பின்புறம் உள்ள ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) குறியீட்டில் எஸ் என்று தொடங்குவது பெட்ரோல் இன்ஜினுக்கும் சி என்று தொடங்குவது டீசலுக்கும் உரியது. இரண்டாவது எழுத்து தலைமுறையைக் காட்டும்: எஸ்.என். 2010-இல் வந்தது, எஸ்.பி. 2020-இல் வந்தது. பெட்ரோல் வரிசையில் புதியது பழையதற்கு ஈடுகொடுக்கும், கையேடு எஸ்.என். கேட்டால் எஸ்.பி. ஊற்றலாம், எஸ்.பி. கேட்கும் டர்போ காருக்கு எஸ்.என். ஊற்றக் கூடாது.

புகை வடிகட்டி உள்ள பி.எஸ். 6 (இந்திய மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் கார்களில் இன்னும் கவனம் வேண்டும். வடிகட்டியில் சேரும் கரி அவ்வப்போது எரிந்துவிடும். ஆயிலில் உள்ள உலோகச் சேர்க்கைகள் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி மெல்ல அடைக்கும். ஆகவே இவற்றுக்கு ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ. வகுத்த சி2, சி3 போன்ற சாம்பல் குறைந்த வகைகளில் கையேடு எதைக் கேட்கிறதோ அதையே வாங்க வேண்டும். ஐரோப்பிய கார் நிறுவனங்கள் தங்கள் சொந்த அனுமதி எண்ணையும் கேட்பதுண்டு. அந்த எண்ணுக்கு அனுமதி பெற்றது என்று டின்னில் எழுதியிருப்பதும், அதற்குப் பொருத்தமானது என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, ஆயில் விற்பவர் தாமே சொல்லிக்கொள்வது.

படி 4: மினரலா, சிந்தெடிக்கா?

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது மினரல், வேதிமுறையில் மேம்படுத்தித் தயாரிப்பது சிந்தெடிக். இதில் குழம்ப அதிகம் இல்லை. 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய கிரேடுகள் பெரும்பாலும் சிந்தெடிக்காகவே கிடைக்கும். மற்றவற்றில், கேட்ட குறியீடு டின்னில் இருந்தால் விலை உயர்ந்ததைத் தேடி ஓட வேண்டியதில்லை. பைக் ஆயில் மட்டும் வேண்டாம். அது ஆயிலில் நனைந்தே இயங்கும் கிளட்ச்சுக்காகக் கலக்கப்பட்டது.

படி 5: வாங்கி, ஊற்றி, அளந்து பாருங்கள்

மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, புது ஃபில்டரும், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கு வாஷரும் சேர்த்து வாங்குங்கள். மெக்கானிக் ஊற்றினாலும் டின்னை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றிய பின், கையேடு சொன்ன அளவில் சற்றுக் குறைத்து ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சமதளத்தில் ஐந்து நிமிடம் காத்திருந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுங்கள். ஆயில் இரு குறிகளுக்கு இடையே, மேல் குறியை ஒட்டி நிற்க வேண்டும். அதைத் தாண்டக் கூடாது. குறைந்தால் சிறிது சிறிதாகச் சேருங்கள். மீந்த ஆயிலை மூடி இறுக்கி டிக்கியில் வைத்துக்கொண்டால், வழியில் குறையும்போது வேறு கிரேடு தேட வேண்டியிராது.