யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி (நான் சறுக்கிய இடத்தோடு)

ஆறு மாதத்தில் அம்மாவுக்கு இரண்டாவது முறை நீர்க்கடுப்பு. டாக்டர் கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து, அது எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. அதை வைத்து நான் செய்த குளறுபடிதான் இந்தப் பதிவு.

1. சாம்பிள்: ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். லேபில் தரும் ஸ்டெரைல் டப்பா மட்டும்தான். கழுவிக் காயவைத்த ஜாம் பாட்டில் வேண்டவே வேண்டாம்.

2. எண்ணிக்கை: ஒரு மில்லி சிறுநீரில் கிருமி 1,00,000 அல்லது அதற்கு மேல், அதுவும் ஒரே கிருமி என்றால் பொதுவாகத் தொற்றுதான். எரிச்சல் இருந்தால் குறைந்த எண்ணிக்கையையும் டாக்டர் கணக்கில் எடுப்பார்.

3. கிருமி: பெரும்பாலும் குடலிலிருந்து வரும் ஈ.கோலை. சில சமயம் கிளெப்சியெல்லா, புரோட்டியஸ். ஆன்டிபயாடிக்குகளில் ஆம்பிசிலின் கிளெப்சியெல்லாவுக்கும், நைட்ரோஃபுரான்டாயின் புரோட்டியஸுக்கும் பிறவியிலேயே கேட்காது. ரிப்போர்ட்டில் அவற்றுக்கு நேரே 'ஆர்' (கேட்காது) கண்டு மிரள வேண்டாம்.

4. மருந்துப் பட்டியல்: எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ இரண்டுக்கும் நடுவில். சரி, பக்கத்தில் எம்.ஐ.சி. (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்து அளவு) என்று ஓர் எண் இருக்கிறதே, அங்கேதான் விழுந்தேன். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 1, நைட்ரோஃபுரான்டாயினுக்கு 16. கிருமியை அடக்க 1 போதும் என்றால் அதுதானே வீரியம்? வீட்டில் மிச்சமிருந்த சிப்ரோ அட்டையைத் தேடி எடுத்தே விட்டேன். "எண்ணை விடுப்பா, எழுத்தைப் பாரு" என்றார் டாக்டர். சிப்ரோவுக்கு நேரே ஆர், மற்றதற்கு எஸ்!

ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. லேப் சோதனைகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் அளவுகோல்படி ஈ.கோலைக்கு சிப்ரோ 0.25 வரைதான் எஸ். 1 ஆனாலே ஆர். நைட்ரோஃபுரான்டாயினோ 32 வரை எஸ், ஏனென்றால் அது ரத்தத்தில் தங்காமல் சிறுநீரில் போய்ச் சேர்கிறது. இரண்டு எண்களையும் ஒப்பிடுவது வெங்காயத்தின் கிலோ விலையையும் மல்லிகையின் முழ விலையையும் ஒப்பிடுவது மாதிரி.

அதே காரணத்தால், காய்ச்சலும் விலா வலியும் வந்து தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருந்தால், எஸ் போட்டிருந்தாலும் நைட்ரோஃபுரான்டாயின் உதவாது. மருந்தைத் தேர்வது டாக்டர் வேலை. மிச்ச அட்டையைத் தூக்கிப் போடுங்கள்.

பின்சேர்க்கை: ரிப்போர்ட்டில் 'மிக்ஸட் க்ரோத்' (பல கிருமிகள் கலந்து வளர்ந்தது) என்று வந்ததாகப் பின்னூட்டத்தில் இருவர் கேட்டிருந்தார்கள். அது பெரும்பாலும் தோல் கிருமி கலந்த சாம்பிள். மறுபடி எடுக்க வேண்டும். ஒருவர் காலை ஆறு மணிக்குப் பிடித்ததைப் பத்து மணிக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். டப்பாவை இரட்டைப் பையில் கட்டி, தயிரிலிருந்து தள்ளி. எங்கள் அம்மா இன்னும் அந்தத் தட்டில் எதையும் வைப்பதில்லை.