நெர்வ் டெஸ்ட் நார்மல், ஆனால் பிள்ளைக்குக் கால் எரிகிறது: நாம் தடுமாறும் இடங்கள்

பாதம் எரிகிறது, போர்வை பட்டாலே வலிக்கிறது, எழுந்து நின்றால் படபடப்பும் தலைசுற்றலும் என்று ஒரு பிள்ளை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்க, நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் நார்மல் என்று தாள் வந்ததும் "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறாள்" என்று முடிவு கட்டுகிறோமே, இருப்பதிலேயே மோசமான தவறு அதுதான். அந்தப் பரிசோதனை தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். வலியையும் சூட்டையும் உணர்த்துகிற, வியர்வை, இதயத் துடிப்பு, குடல் அசைவு எல்லாவற்றையும் கவனிக்கிற மெல்லிய இழைகள் பழுதானால் (ஸ்மால் ஃபைபர் நியூரோபதி என்ற நோய் இதுதான்) அதில் தெரியவே தெரியாது. அதற்குத் தோல் பயாப்ஸி வேண்டும். கணுக்காலுக்கு மேலே சுமார் 10 செ.மீ. தள்ளி, மரத்துப்போக ஊசி போட்டு, 3 மி.மீ. அகலத்துக்குத் தோல் எடுத்து நரம்பு முனைகளை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை எந்த வயதினரோடு ஒப்பிட்டார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். சிறுவர்களுக்கு இயல்பிலேயே அடர்த்தி அதிகம், பெரியவர்களின் அளவை வைத்துப் பார்த்தால் குறைந்துபோனதும் சரியாக இருப்பதுபோலத் தெரியும்.

பாஸ்டனில் ஓக்லாண்டர், கிளைன் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதிலேயே காரணம் புரியாத உடல்வலி தொடங்கிய 41 பேரில் 59 சதவீதத்தினருக்கு இந்த நோய் உறுதியானது. உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்குவதும் (தன்னெதிர்ப்பு) ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் சந்தேகித்தார்கள், ஸ்டீராய்டோ ஐவிஐஜியோ (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுத்து நரம்பு வழியே ஏற்றும் எதிர்ப்புப் புரதம்) கொடுத்த சிலருக்குக் குணமும் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு உடனே ஐவிஐஜி கேட்டு நிற்பது அடுத்த தவறு. காரணம் தெரியாத இதே நோயுள்ள பெரியவர்கள் 60 பேரிடம் நெதர்லாந்தில் முறையாகச் சோதித்து 2021இல் வெளியிட்டபோது, வலி குறைவதில் அதற்கும் போலி மருந்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஏஎன்ஏ (தன்னெதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் என்பதும் தனியாக எதையும் சொல்லாது, நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளிலும் அப்படி வரும். ஷோகிரன், லூபஸ், சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமை) போன்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கு வேறு அறிகுறிகளும் இருக்கின்றனவா என்று டாக்டர் சேர்த்துத்தான் பார்ப்பார். அப்புறம், தன்னெதிர்ப்பு என்றே பிடிவாதமாக இருந்தால் சர்க்கரை, பி12 குறைவு, ஃபேப்ரி என்ற பரம்பரை நோய் எல்லாம் தப்பிப்போகும். கைகால் எரிச்சலோடு வியர்வையும் குறைவாக இருக்கிற பையனுக்கு ஃபேப்ரியைக் கட்டாயம் நினைக்க வேண்டும், அதற்குத் தனி மருந்தே இருக்கிறது.

சீலியாக் சந்தேகம் என்றதும் அன்றைக்கே சப்பாத்தியையும் பிரெட்டையும் நிறுத்திவிடாதீர்கள், ரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமை சாப்பிட்டால்தான் முடிவு நம்பகமாக இருக்கும். வாரக்கணக்கில் கொடுத்த ஸ்டீராய்டை, முகம் உப்புகிறதே என்று பயந்து நீங்களாகச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஐவிஐஜி போட்ட பிள்ளைக்கு எம்எம்ஆர் போன்ற தடுப்பூசி பாக்கியிருந்தால் அதைப் போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பல மாதம் தள்ளிப் போட்டால்தான் பிடிக்கும்.