நான்கு சக்கர இயக்க வாகனத்தில் பெரிய டீசல் டேங்க் பொருத்தும் முறை

நெடுந்தூரப் பயணத்துக்காகப் பெரிய டேங்க் வாங்குவோரில் பலர், அதைச் சேஸிஸில் தூக்கி மாட்டுவதுதான் கடினம் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது விரைவில் முடிந்துவிடும். பொழுதைத் தின்பவை டேங்கைச் சுற்றியுள்ள குழாய்களே. பழைய டேங்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியதைப் பொருத்தும் முறையை, டீசல் வண்டிகளுக்கு மட்டும் இங்கே விவரிக்கிறேன். பெட்ரோல் வண்டியில் ஆவியைப் பிடித்துவைக்கும் தனி அமைப்பும் இருப்பதால், அந்த வேலையைப் பழகிய கையிடம் விடுவதே நல்லது.

டேங்க் வாங்கும் முன்பே எடையைக் கணக்கிட வேண்டும். ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 840 கிராம் என்பதால், 70 லிட்டருக்குப் பதிலாக 150 லிட்டர் கொள்ளும் டேங்க் நிரம்பியிருக்கையில் எரிபொருளால் மட்டும் 67 கிலோ கூடுகிறது. இதில் பெரும்பகுதி பின் அச்சின் மேல் விழுவதால், பின் அச்சுக்கும் மொத்த எடைக்கும் தயாரிப்பாளர் விதித்துள்ள வரம்புகளைப் பார்த்து, தேவையானால் பின் ஸ்பிரிங்குகளையும் மாற்ற வேண்டும்.

டீசலை இயன்றவரை ஓட்டியே தீர்த்துவிட்டு, வண்டியைக் காற்றோட்டமுள்ள சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பகுதியைத் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் இருத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். காலியான டேங்குக்குள் ஆவி தங்கியிருக்கும் என்பதால், அதன் அருகே வெல்டிங்கோ கிரைண்டிங்கோ கூடவே கூடாது.

டேங்கின் மேற்புறத்தில் படிந்த சேற்றை முதலில் கழுவுங்கள். இல்லையெனில் டேங்கின் மேலிருந்து உள்ளே இறங்கும் டீசல் பம்ப்பைத் திறக்கும்போது அத்தனையும் உள்ளே விழும். குழாய்கள் போகும் வழியைப் படமெடுத்துக்கொண்டு, டேங்குக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் பட்டைகளைத் தளர்த்தி, ஒரு சாண் மட்டும் இறக்குங்கள். மேலே ஒயரும் ஹோஸும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும். அவற்றைக் கழற்றிய பிறகே முழுவதும் இறக்க வேண்டும்.

புதிய டேங்கினுள் டார்ச் அடித்துப் பாருங்கள். உற்பத்தியின்போது விழுந்த உலோகத் துகள் மினுங்கினால், நூல் பிரியாத துணியால் துடைத்து, சிறிது டீசலால் அலசிக் கொட்டுங்கள். 1,500 பாருக்கும் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேற்பட்ட அழுத்தத்தில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டர்களைக் கெடுக்கக் கண்ணுக்குத் தெரியாத தூசியே போதும். பம்ப்பையும், டீசல் அளவைக் காட்ட மிதக்கும் ஃப்ளோட்டையும் பழைய டேங்கிலிருந்து மாற்றிப் பொருத்துகையில், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓரிங்கைப் புதிதாகப் போடுங்கள். ஃப்ளோட்டின் கை, டீசல் தளும்பாதிருக்க டேங்கினுள் வைத்த தடுப்புத் தகடுகளில் இடிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரீதர் ஹோஸ், அதாவது டேங்கின் காற்றை வெளியே விடும் குழாய். டீசல் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு காற்று வெளியேறியாக வேண்டும். நான் முதன்முதலில் பொருத்தியபோது, வீணாக்க மனமில்லாமல் ஹோஸை ஒரு முழம் நீளமாகவே விட்டுவிட்டேன். அது தூளிபோல் தொங்கியது; தொய்வில் டீசல் தேங்கிக் காற்றை அடைத்தது; பங்க்கில் நாசில் நொடிக்கொரு முறை நின்று நின்று, பின்னால் நின்றவர்களின் ஹாரன் சத்தம்தான் மிச்சம். ஆகவே, டேங்கிலிருந்து நிரப்பும் வாய்வரை எங்கும் தாழாமல் ஏறிக்கொண்டே போகும்படி ஹோஸை வெட்டி, கிளிப் போட்டுப் பிடித்துவையுங்கள்.

இடைவெளியைப் பின் அச்சு தொங்கும் நிலையில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். டேங்கின் அடிப்பக்கத்தில் களிமண் உருண்டையை ஒட்டி, அச்சை அதன் ரப்பர் தடுப்புவரை உயர்த்தி இறக்கினால், நசுங்கிய களிமண்ணே உண்மையான இடைவெளியைக் காட்டும். பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலிலிருந்தும், அதைச் சுழற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலிருந்தும் டேங்க் இரண்டு விரல் அகலம் தள்ளி இல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இராது. சைலன்சர் பக்கமுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

போல்ட்டுகளை டேங்குடன் வந்த தாளில் குறித்த அளவுக்கே முறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பின்னால் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். பேட்டரியை இணைத்து, முதலில் 20 லிட்டர் ஊற்றி, கைப் பம்ப் இருந்தால் அது இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு பத்துப் பத்து லிட்டராக நிரப்பி, ஒவ்வொரு முறையும் டீசல் அளவு காட்டும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துவையுங்கள். டேங்கின் வடிவம் மாறியிருப்பதால், முள் பாதியில் நிற்பது பாதி டீசல் என்று ஆகாது. ஓரிங் கசிவு டேங்க் நிரம்பிய பின்பே தெரியவரும். அரை மணி நேரம் விட்டு, மேல் இணைப்புகளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். விளிம்புவரை நிரப்ப வேண்டாம்: வெப்பம் 20 டிகிரி உயர்ந்தால் 150 லிட்டர் டீசல் சுமார் 2.5 லிட்டர் விரியும்.

500 கிலோமீட்டர் ஓடியபின் பெயின்ட் கோடுகளைப் பார்த்து, விலகிய போல்ட்டுகளை மீண்டும் முறுக்குங்கள். அப்போதே டீசல் ஃபில்டரையும் மாற்றி, பழையதை அறுத்துப் பாருங்கள். அதில் துகள் மினுங்கினால் டேங்கை மறுபடி இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.