ஆய்வுக்கு வருகிறவர்களிடம் முதலில் குவார்ட்டர் கணக்கைச் சொல்லுங்கள்

எங்கள் குடிபோதை மறுவாழ்வு மையத்தில் 15 படுக்கைகள். கவுன்சிலராக எனக்கு இது 19ஆவது வருடம். முதல் தடவை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தபோது, டீ வாங்கிக் கொடுத்து 140 படிவங்களை நிரப்பியும் கொடுத்தேன். அப்புறம் ஆளும் வரவில்லை, அறிக்கையும் வரவில்லை. உங்கள் மையத்துக்கும் ஒருநாள் வருவார்கள். இந்த முறை நாங்கள் செய்ததை எழுதுகிறேன்.

அவர்கள் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் கேள்வி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். எங்களுடையது இதுதான்: வீட்டுக்குப் போனவர்கள் ஏன் ஃபாலோ-அப்புக்கு வருவதில்லை? கோவாவில் சங்கத் என்ற தொண்டு அமைப்பு, லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து இப்படி ஒரு களக் கேள்வியைத்தான் எடுத்தது. மனநல டாக்டர் கிடைக்காத ஊரில், பயிற்சி கொடுத்த சாதாரண ஆட்களே கவுன்சலிங் செய்தால் பலன் இருக்குமா? 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள், 377 ஆண்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், கவுன்சலிங் கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து இறங்கியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26. லான்செட் மருத்துவ இதழில் 2017இல் வந்தது.

அடுத்து, கேள்வித்தாளை வாங்கி நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். குடி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று அளக்கிற உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT) படிவத்தில் பத்துக் கேள்விகள்; மதிப்பெண் கூடினால் ஆபத்தும் கூடுதல். இரண்டாவது, குடிக்கிற நாளில் எத்தனை 'டிரிங்க்' என்பது. நம்ம ஆள் "ரெண்டு சார்" என்பார். ஆய்வுக்கு வந்த மாணவர் 'ஒன்று அல்லது இரண்டு' கட்டத்தில் டிக் போடுவார். மதிப்பெண் பூஜ்யம். ஆனால் அவர் சொன்னது இரண்டு குவார்ட்டர். 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். டிரிங்குக்கு 10 கிராம் கணக்கில் ஆறு டிரிங்க். இரண்டு குவார்ட்டர் பன்னிரண்டு. அந்த ஆளுக்கு வர வேண்டியது முழு நாலு மதிப்பெண். கட்டிங், அதாவது பாதி குவார்ட்டர் அடிப்பவர் 'பாதி' என்பார், அது மூன்று டிரிங்க். நாங்கள் காலி பாட்டிலை மேசைமேல் வைத்துக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் எண்கள் உண்மைக்குப் பக்கத்தில் வந்தன. இதைப் பேராசிரியருக்குச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

ஒப்புதல் கையெழுத்தில் கறாராக இருங்கள். நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் ஒரு படிவமும் உள்ளே வரக்கூடாது. கை நடுங்கிக்கொண்டிருக்கிற ஆளிடம் கையெழுத்து வாங்காதீர்கள்; நடுக்கமும் குழப்பமும் தீரட்டும். ஒப்புதலை நீங்களும் கேட்காதீர்கள். சிகிச்சை கொடுக்கிற ஆள் கேட்டால் "வேண்டாம்" என்று யார் சொல்வார்? மறுத்தாலும் சாப்பாடு, மாத்திரை, படுக்கை எதுவும் மாறாது என்பதைத் தமிழில், ஆய்வுக்குழு ஆளே சொல்ல வேண்டும்.

ஃபாலோ-அப்புக்குக் கூப்பிட மனைவி நம்பரோ தம்பி நம்பரோ வாங்குங்கள், ஆனால் அந்த நம்பருக்குப் பேசலாமா என்று நோயாளியிடமே அனுமதி கேட்டு எழுதி வையுங்கள். வராதவர்களைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டு, வந்தவர்களை மட்டும் வைத்து வெற்றி சதவீதம் போடச் சம்மதிக்க வேண்டாம். வராதவரில் நிறையப் பேர் மறுபடி குடிக்கிறவர்கள்தான் என்பது நமக்குத் தெரியும்.

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் மற்றதெல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். நான் விடாப்பிடியாகக் கேட்டது மூன்று: பெயர் நீக்கிய தரவின் ஒரு பிரதி எங்களுக்கு, எங்கள் கவுன்சிலர் செலவழிக்கும் நேரத்துக்குச் சம்பளம், முடிவை எங்கள் கூடத்தில் வந்து தமிழில் சொல்வது. இரண்டு மாதம் இழுத்தது. சரி என்றார்கள்.

முடிவைச் சொல்லவும் வந்தார்கள். எங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருந்தது. எங்கள் ஃபாலோ-அப் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. இப்போது ஞாயிறு சாயங்காலம் வைத்திருக்கிறோம்.